கொள்கலன் வீடும் மலைத் தகைவிலானும்

கப்பலில் சரக்கேற்றும் எஃகுக் கொள்கலனுக்குக் கதவும் சன்னலும் வைத்து, உள்ளே பலகை அடித்து, மின்சாரமும் தண்ணீரும் இழுத்துக் குடியிருக்கத் தக்கதாக மாற்றினால் அது கொள்கலன் வீடு. கடலில் ஓடித் தேய்ந்த பெட்டிகள் விலைக்குக் கிடைப்பதால் இலங்கையில் இவை கடையாகவும் காரியாலயமாகவும் விடுமுறை விடுதியாகவும் உருமாறியிருக்கின்றன. மாதுரு ஓயாவில் கட்டடக்கலைஞர் தமித் பிரேமதிலக இராணுவத்தினருக்காக வடிவமைத்த விடுமுறை இல்லம் இவற்றுள் பெயர் பெற்றது. அது வரண்ட வலயத்தில் நிற்கிறது. ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இதே பெட்டியை ஏற்றிவந்தால் கணக்கு மாறிவிடுகிறது. சரிவும் ஈரமும் எல்லாரும் முன்கூட்டியே யோசிக்கிற விடயங்கள். பறவையை யாரும் யோசிப்பதில்லை. கதவைச் சற்றுத் திறந்தபடி மார்ச் மாதத்தில் நிறுத்தி வைத்த பெட்டிக்குள் வீட்டுக்காரர் குடிபுகும் முன்பே மலைத் தகைவிலான் மண் கொண்டுவந்து ஒட்டத் தொடங்கிவிடுகிறது.

பெட்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அதை எங்கே வெட்டலாம், எங்கே தொடக்கூடாது என்பது விளங்கும். மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கப் பார ஊர்தி முதலாளி 1956 ஏப்ரல் 26ஆம் திகதி ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இன்றைய கொள்கலன் போக்குவரத்து தொடங்குகிறது. 1968இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு அளவுகளை ஒழுங்குபடுத்தியது. பெட்டியைக் குடியிருப்பாக மாற்றும் முறைக்கு ஃபிலிப் கிளார்க் என்பவர் 1987இல் விண்ணப்பித்து 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 20 அடிக் கொள்கலனின் வெளி நீளம் 6.06 மீற்றர், அகலம் 2.44 மீற்றர், உயரம் 2.59 மீற்றர், வெறும் பெட்டியின் எடை ஏறத்தாழ 2.3 தொன். பக்கச் சுவர் 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள மடிப்புத் தகடு, கூரை 2 மில்லிமீற்றர், தளம் 28 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை.

பாரம் முழுவதையும் தாங்குவன நான்கு மூலைத் தூண்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளின் சுமை அந்தத் தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. மடிப்புச் சுவர் செய்வது வேறு வேலை: மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் இணைத்து, பெட்டி சாயாமலும் நடுவில் தொய்யாமலும் பிடித்துவைக்கிறது. சன்னலுக்கென்று அதில் பெரிதாக வெட்டினால் வெட்டிய ஓரங்களைச் சுற்றி இரும்புப் பெட்டிக் குழாயால் சட்டம் பற்றவைத்தாக வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒரு பக்கச் சுவரை முழுதாக எடுத்துவிட்ட பெட்டிகளில் கூரை தொய்ந்து மழைநீர் நடுவில் தேங்குவது வழக்கமான குறை.

மலைக்கு ஏற்றுவதற்கு 20 அடிப் பெட்டியே நடைமுறைக்கு ஒத்தது. அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியிலும், கம்பளை, இறம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் ஏ5 வீதியிலும் நீண்ட வாகனங்கள் வருகின்றன. சிக்கல் அங்கிருந்து பிரியும் தோட்டப் பாதையில்தான். தேயிலை மலையை வளைத்து வெட்டிய அந்தப் பாதைகளின் கொண்டை வளைவில் 40 அடிப் பெட்டி திரும்பாது. 20 அடிப் பெட்டியின் உள் தளம் ஏறத்தாழ 148 சதுர அடி. 10 அடிக்கு 12 அடி என்று தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய பழைய லயக் காம்பராவை விடச் சற்றே பெரியது. இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்படும் 550 சதுர அடி வீட்டோடு ஒப்பிட்டால் கால் பங்கைச் சற்றே தாண்டும். ஒரு குடும்பம் கௌரவமாக வாழ ஒரு பெட்டி போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லயத்தின் நெருக்கடியைத் தகரத்திலிருந்து எஃகுக்கு மாற்றிக் கொடுப்பது வீடமைப்பு ஆகாது. இரண்டு அல்லது மூன்று பெட்டிகளை இணைத்து, நடுவில் இஸ்தோப்பு விட்டுக் கட்டுவதே பொருத்தம்.

சரிவான நிலத்தில் கொள்கலனுக்கு ஓர் உண்மையான ஆதாயம் உண்டு. கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டும் வீட்டைவிட இது பல மடங்கு எடை குறைந்தது. நான்கு மூலைகளுக்கும் கொங்கிரீட் அடித்தளத் தூண் எழுப்பி அதன்மேல் பெட்டியை வைத்தால் போதும். மலையைக் குடைந்து தட்டையாக்கத் தேவையில்லை. சரிவை வெட்டிச் செங்குத்தாக விடுவதே மண்சரிவுக்கு வழிசெய்யும் பெரிய காரணங்களில் ஒன்று. நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயப் பட்டியலில் இருப்பதால், பிரதேச சபையின் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டு அறிக்கை வேண்டியிருக்கிறது. எடை குறைவு என்பதற்கு மறுபக்கமும் உண்டு: ஜூன், ஜூலை மாதங்களில் மலையில் அடிக்கும் தென்மேல் காற்றுக்கு வெறும் பெட்டி அசையக்கூடும். மூலை வார்ப்புகளை அடித்தளத்தோடு இரும்புத் தகடு வைத்துப் பூட்டுவது அவசியம்.

அடுத்தது ஈரம். கொள்கலன் வீட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பது இதுதான். எஃகு வெப்பத்தைத் தடையின்றிக் கடத்தும், 1.6 மில்லிமீற்றர் தகடு வெப்பத்துக்கு எந்தத் தடையுமில்லை என்றே கொள்ளலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை மாத இரவொன்றில் வெளியே 8 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஆட்கள் உறங்குவதால் 16 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 12.5 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் காற்றிலுள்ள நீராவி நீராகிவிடும். சுவர்த் தகடு 9, 10 பாகையில் இருக்கும். கூரைத் தகடு தெளிந்த வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்வீசி வெளிக்காற்றை விடவும் சில பாகை தாழ்ந்துவிடும். உறங்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி வெளியேறுகிறது. நான்கு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஒரு லீற்றருக்கு மேல். விடிகாலையில் இப்படியொரு பெட்டியின் கதவைத் திறந்தால் கூரைத் தகட்டின் மடிப்பு ஒவ்வொன்றிலும் துளிகள் வரிசையாகத் தொங்குவதும், தலையணை ஈரமாக இருப்பதும், தளப்பலகையின் ஓரம் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருப்பதும் தெரியும்.

இதற்கு மருந்து இரண்டு சேர்ந்தே வர வேண்டும். தகட்டை உட்காற்று தொடாதபடி மூடுகிற வெப்பக்காப்பு ஒன்று. நீராவி வெளியேற எதிரெதிர்ப் பக்கத்தில் காற்றுத் துவாரங்கள் மற்றது. தகட்டோடு ஒட்டிப் பிடிக்கும் மூடிய கண்ணறை நுரையைத் தெளித்தால் காற்று தகட்டை அடையவே வழியில்லை. பாறைக் கம்பளி வைத்தால் அதன் உட்பக்கத்தில் நீராவி புகாத தாளை இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். சிறு கிழிசல் இருந்தாலும் ஈரம் கம்பளிக்குள் தேங்கி, சுவர் யாருக்கும் தெரியாமல் துருப்பிடிக்கும். கூரைக்கு மேலே கையளவு இடைவெளி விட்டு இரண்டாவது தகரக் கூரை போட்டுத் தாழ்வாரத்தை இரண்டு மூன்று அடி நீட்டிவிட்டால் மழை, வெயில், இரவுக் குளிர் மூன்றும் பெட்டியை நேராகத் தாக்குவதில்லை. தோட்டத்து வீடுகளில் இரண்டாவது கூரைக்குச் செலவழிக்கும் பணம்தான் வேறெந்தச் செலவையும்விட அதிகப் பலன் தரும்.

கொள்கலனின் எஃகு துருவைத் தாங்கும் வகை என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மைதான், ஒரு நிபந்தனையோடு. செம்பு, குரோமியம் கலந்த அந்த எஃகில் முதலில் படியும் துரு அடர்த்தியான போர்வையாகி மேலும் அரிக்காமல் தடுக்கிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்தப் போர்வை உறுதியாகும். வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரையிலும் அதற்கு மேலும் மழை பெய்கிறது. மே கடைசியிலிருந்து செப்தெம்பர் வரை தகடு காய்கிற நாள் குறைவு. அங்கே இந்த எஃகும் சாதாரண எஃகு போலவே அரிக்கும். ஆகவே நிறப்பூச்சு தவிர்க்க முடியாதது.

தளப்பலகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் வழியே பூச்சிகள் நாடு விட்டு நாடு பரவாமலிருக்க அந்த ஒட்டுப்பலகை பூச்சிகொல்லியில் ஊறவைக்கப்படுகிறது. கதவில் அறைந்திருக்கும் தரவுத் தகட்டில் எந்த மருந்து, எந்த ஆண்டு என்று குறித்திருக்கும். பிள்ளைகள் தவழும் தரைக்கு அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவதோ, தடித்த பூச்சால் முத்திரையிடுவதோதான் சரி.

இனி, அழைக்காமல் வருகிற குடித்தனக்காரர். மலைத் தகைவிலான் தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கையின் மலைநாட்டுக்கும் உரிய குருவி. தாமஸ் ஜெர்டன் என்ற பறவையியலாளர் 1840களில் இதை விவரித்துப் பெயரிட்டார். உடல் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீற்றர். முதுகு நீலக்கருமையாக மின்னும், நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பு, வயிறு மங்கிய சாம்பல். வாலில் நீண்ட கம்பி இறகு கிடையாது. வடக்கிலிருந்து வலசை வந்து, ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை நகரத்து மின்கம்பிகளில் இரவில் திரள் திரளாக அமரும் தகைவிலான் வேறு இனம். அதற்கு நெஞ்சில் கரும்பட்டை இருக்கும், இலங்கையில் அது கூடு கட்டுவதில்லை. கொள்கலனுக்குள் மண் ஒட்டுகிறது என்றால் அது ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் இனம்.

இதன் பழைய இருப்பிடம் பாறை முகப்பும் குகை வாயிலும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் கோப்பியை நோய் அழித்ததும், அதன்பின் மலை முழுவதும் தேயிலையானதும் தெரிந்த வரலாறு. அந்த வரலாறு குருவிக்கு ஏராளமான செயற்கைக் குகைகளைக் கட்டிக் கொடுத்தது: கொழுந்து வாட்டும் மாடிகள் கொண்ட தேயிலை ஸ்டோர்கள், துரை பங்களாக்களின் இஸ்தோப்பு, கொழுந்து மடுவங்கள், பாதைக்கு அடியிலுள்ள மதகுகள், 1885இல் நானுஓயாவை எட்டிய ரயில் பாதையின் சுரங்கங்கள். மனிதர் நடமாடும் அறைக்குள், விளக்குத் தாங்கியின் மேலும் உத்தரத்தின் பக்கத்திலும் இது தயங்காமல் கூடு கட்டும். உணவுப் பாதுகாப்புத் தரச்சான்றுக்காகத் தொழிற்சாலைச் சன்னல்களில் வலை அடிக்கும்போது அங்கிருந்த இடம் போகிறது. மேலே மூடி, மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் மட்டும் வாயில் என்றிருக்கும் கொள்கலன் குருவியின் கண்ணுக்கு முழுமையான குகை.

கூடு ஒரு பாதிச் சிரட்டையைச் சுவரில் ஒட்டியது போலிருக்கும். ஈர மண்ணை ஆணும் பெண்ணும் அலகில் உருண்டை உருண்டையாகக் கொண்டுவருகின்றன. பீலிக்கரையின் சேறும் தேயிலை நிரைகளுக்கிடையே வெட்டிய கான்களின் வண்டலும் இதற்கு ஏற்றவை. இதன் நெருங்கிய உறவான வலசைத் தகைவிலான் ஒரு கூட்டுக்கு ஆயிரம் வரை உருண்டைகள் சுமக்கிறது. ஒரே மூச்சில் கட்டினால் ஈர மண் தன் எடையாலேயே சரிந்துவிடும் என்பதால் கொஞ்சம் ஒட்டி, காயவிட்டு, மறுநாள் அடுத்த வரியைச் சேர்க்கின்றன. காயும்போது மண் துகள்களுக்கிடையே இருந்த நீர் போய்விடுகிறது. பின் அவற்றைப் பிடித்து வைப்பது எது? தென்கொரிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. குருவியின் உமிழ்நீரிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் காய்ந்தபின் துகள்களுக்கிடையே பாலமாக நின்று, கூடு இழுவிசையைத் தாங்கும்படி செய்கின்றன. சுவரில் தொங்கும் கூட்டின் மேல்விளிம்பில்தான் இழுவிசை அதிகம். கூடு பிய்ந்து விழுந்தால் அங்கிருந்தே பிய்யும்.

நிறம் பூசிய வழவழப்பான எஃகில் மண் நன்றாகப் பிடிக்காது. அதனால் கொள்கலனுக்குள் குருவி தேர்ந்தெடுக்கும் இடங்கள் ஓரளவு கணிக்கக் கூடியவை: மேல் சட்டத்தில் கயிறு கட்டுவதற்காகப் பற்றவைத்த வளையங்கள், கதவுச் சட்டத்தின் உள்விளிம்பு, மின்கம்பி கொண்டுபோக அடித்த பலகை, தொங்கவிட்ட விளக்கு. எல்லாமே கூரைத் தகட்டிலிருந்து சில அங்குலம் கீழே. இங்கேதான் முன்பு பார்த்த பௌதிகம் குருவியின் தலையிலும் விடிகிறது. குளிர்ந்த இரவில் தகட்டில் வேர்க்கும் நீர் கூட்டின் ஒட்டுவாயை நனைக்கிறது. மண் நெகிழ்ந்து குஞ்சுகளோடு கூடு விழக்கூடும். பகலில் இதற்கு நேர்மாறு. மலைக்காற்று 20 பாகையாக இருந்தாலும் மார்ச் மாத உச்சி வெயிலில் கரும் நிறக் கூரைத் தகடு 50 பாகையைத் தொடும். பெட்டிக்குள் மிகச் சூடான காற்று கூரையை ஒட்டித் தேங்கும். முட்டைக்குள் கரு வளர உகந்த வெப்பம் 36 முதல் 38 பாகை. 41ஐத் தாண்டி நீடித்தால் கரு இறந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு முதல் வாரத்தில் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளாது. ஆக, காப்பிடாத கொள்கலன் குருவிக்குக் குகையாகத் தோன்றும் பொறி. மனிதருக்கு அதை வாழத் தகுதியற்றதாக்கும் அதே இரு குறைகள்தாம் குருவியையும் கொல்கின்றன.

இதைத் தவிர்க்கும் வழி நாட்காட்டியில் இருக்கிறது. மலைத் தகைவிலான் பெரும்பாலும் மார்ச் தொடங்கி ஜூன் வரை கூடு கட்டுகிறது. ஒரு சோடி ஒரே ஆண்டில் இரண்டாம் முறையும் முட்டையிடலாம். ஹட்டன் பக்கத்தில் தை, மாசி மாதங்கள்தாம் ஆண்டிலேயே மழை குறைந்த காலம். கொங்கிரீட் போடவும் தகடு வெட்டவும் பற்றவைக்கவும் நிறம் பூசவும் அதுவே வசதி. கார்த்திகை, மார்கழியில் பெட்டியை இறக்கி, தை பிறந்ததும் வெட்டு வேலையைத் தொடங்கி, மாசி முடிவதற்குள் எல்லாத் திறப்புகளுக்கும் சன்னலோ வலையோ போட்டுவிட்டால் குருவிக்கு உள்ளே வழியில்லை. அது வேறிடம் தேடிக்கொள்ளும். சன்னலுக்கு வெட்டிய ஓட்டையைச் சும்மா விட்டுச் சித்திரை வருடப்பிறப்புக்கு வேலையை நிறுத்துவதுதான் பெரும்பாலான சிக்கலுக்கு வித்து. வேலையாட்கள் திரும்பி வரும்போது கூட்டில் முட்டை இருக்கும்.

கூட்டைக் கண்டால் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிவது முதல் வேலை. நீளமான கம்பில் சிறு கண்ணாடியைக் கட்டி உயர்த்திப் பார்த்தால் தெரியும். கைப்பேசிக் கமராவும் உதவும். சுவரில் ஈர மண் மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தால் கட்டுமானம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அன்றே அதைத் துடைத்து, வாயிலை அடைத்துவிடலாம். சோடி சில நாட்களில் வேறிடத்தில் தொடங்கிவிடும். முட்டை வந்தபின் கூட்டைத் தொடக் கூடாது. ஒரு கூட்டில் வழக்கமாக 2 அல்லது 3 முட்டை. அடைகாத்தல் இரண்டு வாரத்தைச் சற்றுத் தாண்டும், குஞ்சு பறக்க மேலும் மூன்று வாரம் வரை ஆகும். முதல் மண் உருண்டையிலிருந்து கடைசிக் குஞ்சு வெளியேறும் வரை மொத்தம் ஆறு ஏழு வாரம். பறக்கத் தொடங்கிய குஞ்சுகள் சில இரவுகள் கூட்டுக்கே உறங்க வரும் என்பதால் அந்த நாட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இது கட்டட வேலையை முற்றாக நிறுத்தும் காலமல்ல. அடித்தளம், கான், மலக்குழி, தண்ணீர்த் தாங்கி, இஸ்தோப்புத் தூண், இரண்டாவது பெட்டியின் உள்வேலை என்று செய்வதற்கு நிறையவே இருக்கிறது. கூடுள்ள பெட்டியின் கதவை ஒரே அளவில் திறந்து, காற்றில் ஆடாதபடி கம்பியால் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் அகலத் திறப்பதும் மறுநாள் ஒருக்களிப்பதுமாக இருந்தால் குருவியின் பறப்புவழி குழம்பும். இரவில் பெண் குருவி முட்டைமேல் இருக்கும், விடிந்தவுடன் இரைதேட வெளியேறும் என்பதால் இரவில் பூட்டிவிட்டு எட்டு மணிக்குத் திறப்பது கூடாது. களவுக்குப் பயந்தால் கருவிகளை வேறிடத்துக்கு மாற்றலாம். கூரைமேல் மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்பிக் கயிற்றால் இறுக்கிவிட்டால் உச்சி வெயிலின் சூடும் இரவுப் பனியின் வேர்வையும் பெருமளவு குறையும். அரை நாள் வேலை. கூடு பிழைப்பதும் விழுவதும் பல நேரம் இதில்தான் இருக்கிறது.

கூட்டைப் பெயர்த்து மெதுவாக வேறு சுவருக்கு மாற்றினால் தாய் தேடி வந்துவிடும் என்ற நம்பிக்கை தவறு. தகைவிலான் கூட்டை அதன் இடத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. முட்டையுள்ள கூட்டைச் சில மீற்றர் நகர்த்தினாலும் கைவிடப்படும் ஆபத்து அதிகம். மனிதக் கை பட்டால் குருவி வராது என்பதும் சரியல்ல. கீழே விழுந்த குஞ்சைக் கையால் எடுத்து அதே கூட்டில் வைக்கலாம், பெற்றோர் ஊட்டும். கூடே உடைந்து விழுந்திருந்தால் பழைய கூட்டிருந்த அதே இடத்தில் ஒரு சிரட்டையை ஆணியடித்து, காய்ந்த புல்லிட்டு, குஞ்சை அதில் வைத்துவிட்டு விலகி நிற்பது பயன்தரும்.

கூடுள்ள காலத்தில் அந்தப் பெட்டிக்குள் செய்யவே கூடாத வேலைகள் சில. நுரை தெளிப்பதும் எண்ணெய் நிறம் பூசுவதும் முதலிடம். தெளிக்கும் நுரையிலிருந்து எழும் ஐசோசயனேற் ஆவி மனிதருக்கே முகக்கவசமின்றி ஆபத்து. பறவையின் மூச்சு மண்டலத்தில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்திருப்பதால் காற்று ஒரே திசையில் இடைவிடாது ஓடுகிறது. பறப்பதற்குத் தேவையான ஒட்சிசனைத் திறமையாக எடுக்கும் அந்த ஏற்பாடு நச்சு ஆவியையும் அதே திறமையோடு உறிஞ்சிவிடும். பற்றவைப்பின் புகையும் அரைக்கும் இயந்திரத்தின் பொறியும் அடுத்தவை.

சட்டமும் குருவியின் பக்கமே நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1993லும் 2009லும் செய்த திருத்தங்களோடு, இலங்கையின் பெரும்பாலான காட்டுப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் காக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது வனசீவராசிகள் திணைக்களம். வீடு கட்டுகிறவருக்கு ஐயம் வந்தால் கேட்க வேண்டிய இடம் அதுவே. தோட்டத்து மக்களிடம் சட்டத்தைச் சொல்ல வேண்டிய தேவை பெரிதாக இல்லை. வீட்டுக்குள் குருவி கூடு கட்டுவதை நல்ல சகுனமாகக் கொள்ளும் வழக்கம் இருக்கும் இடங்களில் அது சட்டத்தைவிட வலுவாகக் காக்கிறது.

தகைவிலானைத் தவிர வேறு பறவைகளும் கொள்கலனைப் பயன்படுத்தும். இலங்கைக்கே உரிய செவ்வயிற்றுத் தகைவிலான் மண்ணால் நீண்ட குழாய் வாயிலோடு குடுவைக் கூடு கட்டுகிறது; மதகுகளிலும் பெட்டிக்கடியிலுள்ள இடைவெளியிலும் அதை எதிர்பார்க்கலாம். குண்டுக்கரிச்சானும் சிட்டுக்குருவியும் சாம்பல் பட்டாணிக்குருவியும் பொந்து தேடுபவை. கூரைத் தகட்டின் மடிப்பு, இரு கூரைகளுக்கிடையிலான இடைவெளி, மூலை வார்ப்பின் துளை, காற்றுத் துவாரத்தின் உடைந்த மூடி எல்லாமே அவற்றுக்குப் பொந்துதான். பட்டாணிக்குருவி மூன்று சென்டிமீற்றருக்கும் குறைந்த துளையில் நுழைந்துவிடும். எனவே இரண்டாவது கூரையின் ஓரங்களை 12 மில்லிமீற்றர் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலையால் அடைப்பது நல்லது. காற்று போகும், குருவியும் எலியும் போகா. கொண்டைக்குருவியின் வழக்கம் வேறு. அது கோப்பைக் கூட்டைத் திறந்த விளக்கிலோ கொடிச் செடியிலோ வைக்கும்; ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீடு கட்டி முடிந்தபின் தகைவிலானை முழுதாக விரட்டுவது தேவையுமில்லை, நல்லதுமில்லை. பறந்தபடியே ஈயையும் கொசுவையும் சிறு வண்டுகளையும் பிடிக்கும் பறவை அது. நீட்டிவிட்ட தாழ்வாரத்தின் கீழ், வாசற்கதவிலிருந்து தள்ளி, 10 முதல் 12 சென்டிமீற்றர் அகலமுள்ள சீவாத பலகையைச் சுவரில் அடித்துக் கொடுத்தால் அது உள்ளே வர முயல்வது குறையும். சொரசொரப்பான மரத்தில் மண் நன்றாகப் பிடிக்கும். இரட்டைக் கூரையின் நிழல் வெயிலைத் தடுக்கும், காப்பிட்ட சுவரின் வெளிப்பக்கம் உள் ஈரத்தால் வேர்க்காது. பலகைக்கு இரண்டடி கீழே எச்சம் விழ இன்னொரு பலகை. பறவை எச்சம் தகட்டில் தேங்கினால் நிறப்பூச்சையும் நாகப்பூச்சையும் அரிக்கும் என்பதால் இந்தக் கீழ்ப்பலகை சுத்தத்துக்கு மட்டுமானதல்ல.

உள்ளே கட்டிய கூட்டைக் குஞ்சுகள் நிரந்தரமாக வெளியேறிய பின், ஓரிரு நாட்களுக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். காலியான கூட்டில் இரத்தம் உறிஞ்சும் செள்ளுகள் பசியோடு காத்திருக்கும். குருவி இல்லையென்றால் மனிதரைத் தேடி இறங்கும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் பூஞ்சை வித்துகள் கலந்த தூசு நுரையீரலுக்குள் போகும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நனைத்து, சுரண்டி, பையில் கட்டிப் புதைப்பதே முறை. சுவரில் மிஞ்சும் மண் தழும்பையும் கழுவித் தேய்த்துவிட வேண்டும். பழைய தழும்பு இருந்தால் அடுத்த மார்ச்சில் அதே இடத்துக்கே மண் வரும். வெளித் தாழ்வாரத்துக் கூட்டை அப்படியே விடலாம். தகைவிலான் பழைய கூட்டின் விளிம்பில் சில வரி புது மண் சேர்த்து மறுபடியும் பயன்படுத்தும். ஒரு வாரக் கட்டுமானம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.